சங்கிலியை நானே மாட்டிவிட்டேன்

வெண்டெல்,

அடுப்பில் ஓட்ஸ் கஞ்சி இருக்கிறது. குடித்த பிறகு வலி மாத்திரை போடு.

பத்து மணிக்கு ஹீட்டருக்கு எண்ணெய் கொண்டுவரும் லாரி வருகிறது. நம் சரிவில் பனி கிடந்தால் டிரைவர் கீழேயே திரும்பிவிடுவான். தொட்டியில் இருப்பது இன்றைக்கு மட்டும்தான் வரும். அதனால் குட்டி டிராக்டரின் டயரில், பனியில் வழுக்காமலிருக்கச் சங்கிலி மாட்டி, பனி தள்ளப் போகிறேன்.

"டயருக்குச் சங்கிலி மாட்டறதெல்லாம் உனக்கு வராது, பத்தடியில கழண்டு விழும். உன் தம்பி வரட்டும்"னு நேற்று சொன்னாயே! தம்பி வரவில்லை. நானே மாட்டிவிட்டேன்.

போன குளிரில் நீ மாட்டிய சங்கிலி கழன்று மட்கார்டைக் கிழித்தது. நீ டயர்மேல் பழி போட்டாய். மாட்டியதும் முற்றத்தில் நாலு சுற்று ஓட்டிவிட்டு, தளர்ந்ததை மறுபடி இறுக்க வேண்டும். நமக்குக் கல்யாணமான நாளிலிருந்து அதற்கு உனக்கு என்றைக்குப் பொறுமை இருந்தது? நான் இரண்டு தடவை இறுக்கினேன்.

நாய்க்குச் சாப்பாடு போட்டாயிற்று. அது பட்டினி மாதிரி நடிக்கும், நம்பாதே.

லோர்னா

தாளின் அடியில் இடம் இருக்கிறது, இதையும் கேள். ஜன்னலில் நின்று பார்த்துக்கொள், கத்தாதே. அந்த உடைந்த காலோடு வெளியே வந்தாயோ, உன் ஊன்றுகோல் இரண்டுக்கும் சங்கிலி மாட்டிவிடுவேன். எனக்குத்தான் மாட்டத் தெரியுமே.