தெரு ஜன்னல் அருகே ஒரு கட்டில்

பிப்ரவரி 3, செவ்வாய்

ஹார்லிங்கனுக்கு வீடு மாறி வந்து ஒரு மாதம் ஆகிறது. பெட்டிகளையெல்லாம் பிரித்தாகிவிட்டது. மருத்துவச்சிதான் இன்னும் கிடைக்கவில்லை. பழைய ஊர்க்காரி இவ்வளவு தூரம் வரமாட்டாள். வயிறோ ஆறு மாதம்.

இந்தக் குழந்தை வீட்டில்தான் பிறக்க வேண்டும். மூத்தவள் ஃபென்னா பிறந்தபோது மருத்துவமனையில் என் தலைக்கு மேலே அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. எங்கே தள்ளிக்கொண்டு போகிறார்கள் என்பதே கதவைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது. நாலு வருஷமாகியும் அந்தக் கதவு கனவில் வருகிறது. இன்னொரு தடவை என்னால முடியாது. முடியவே முடியாது.

பிப்ரவரி 12, வியாழன்

முதல் ஆளைப் பார்த்தோம். மார்லூஸ். சின்ன வயது, குழைவான குரல், அறை முழுக்கக் குழந்தைப் படங்கள். எனக்கு ஒரே கேள்விதான்: நீங்கள் எப்போது பயப்படுவீர்கள்? அவள் சிரித்தாள். தன்னிடம் வருகிற யாரும் பயப்படத் தேவையில்லை என்றாள்.

என் கணவன் வீபே மயங்கிவிட்டான். வழியெல்லாம் அவள் புகழ்தான். எனக்கு மட்டும் ஏன் நெருடுகிறது? கேட்டதற்குப் பதில் வரவில்லையே. ஃபென்னா பிறந்தபோதும் எல்லோரும் இப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பிப்ரவரி 19, வியாழன்

இரண்டாவது ஆள் யந்தினா. ஐம்பதைத் தாண்டியவள். மழையில் சைக்கிள் மிதித்து வந்து, சொட்டச் சொட்ட உட்கார்ந்தாள். காப்பியோடு பிஸ்கட் டப்பாவை நீட்டினேன். ஒன்றை எடுத்தாள், விருந்தாளிக்கு ஒன்றுதான் என்ற இந்த ஊர் வழக்கப்படி நான் மூடி வைத்தேன். அவளே திறந்து இன்னொன்றும் எடுத்துக்கொண்டாள். வீபேயின் புருவம் கூரைக்குப் போய்விட்டது.

அதே கேள்வியைக் கேட்டேன். மென்று முடிக்கும்வரை யோசித்தாள்.

"பயப்படுவேன். அப்பப்ப வரும். வந்தா ஒளிக்க மாட்டேன். எனக்குப் பயமா இருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகணும், ஷூவ மாட்டுன்னு சொல்லிடுவேன். அப்புறம் நீ என்கிட்ட வாதாடக் கூடாது."

பிடித்திருந்தது. ஆனால் மாடிக்குப் போனவள், எங்கள் ஏணி மாதிரியான படியில் பின்பக்கமாக இறங்கி வந்து, மேலே ஆகாது என்றுவிட்டாள். ஸ்ட்ரெச்சர் இறங்காதாம். கட்டிலை முன்னறையில் போட வேண்டுமாம்.

முன்னறையிலா! தெருவைப் பார்த்து அத்தனை பெரிய ஜன்னல். இந்தத் தெருவில் எந்த வீட்டுக்காவது திரைச்சீலை உண்டா? போகிறவர் வருகிறவரெல்லாம் என் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போகிறார்கள். பிள்ளை பெறுவதையும் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"துணி கட்டிக்க. மேலதான்னு அடம்பிடிச்சா வேற ஆளப் பாத்துக்கம்மா" என்று சைக்கிளேறிப் போய்விட்டாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

என்ன திமிர்! இரண்டு பிஸ்கட் வேறு.

பிப்ரவரி 27, வெள்ளி

மார்லூஸுக்குப் போன் செய்து படியைப் பற்றிக் கேட்டேன். என் மனதுக்கு எது பிடிக்கிறதோ அதுதான் சரி என்றாள், அதே குழைவோடு. போனை வைத்த பிறகு வெகுநேரம் அந்தப் படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனதுக்குப் பிடித்தால் படி அகலமாகிவிடுமா?

யந்தினாவைக் கூப்பிட்டுக் கட்டிலைக் கீழே போடுகிறேன் என்றேன். ஷூவைக் கதவோரம் வை என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

ஏப்ரல் 21, செவ்வாய்

கட்டில் இறங்கியது. படி வழியாக இல்லை. இந்த ஊர் வழக்கப்படி மாடி ஜன்னல் வழியாகக் கயிறு கட்டித்தான். பேறுகாலத்துக்குப் பார்த்துக்கொள்ள வருகிற பெண் குனிந்து குனிந்து இடுப்பொடியக் கூடாது என்று நான்கு கால்களுக்கும் பீர்ப் பெட்டி வைத்து உயர்த்தியிருக்கிறோம். காலிப் பெட்டி போதுமே என்றேன். காலி செய்யத்தானே வாங்கியிருக்கிறேன் என்கிறான் வீபே.

ஜன்னலுக்குப் படுக்கை விரிப்பைக் கட்டினோம். கட்டிய சூட்டோடு பக்கத்து வீட்டு போஸ்ட்மா அம்மாள் கையில் சூப்புப் பானையோடு வந்து நின்றாள்.

"யாரு போயிட்டாங்க?" என்றாள், மெல்ல. இங்கே சாவு வீட்டில்தான் ஜன்னலை மூடுவார்களாம்.

வயிற்றைக் காட்டினேன். காது வரை சிவந்துவிட்டாள். சூப்பைத் திருப்பி எடுத்துப் போகவில்லை, நல்லவேளை.

மே 2, சனி

ஷூ கதவோரம் இருக்கிறது. ஃபென்னா அதற்குள் தன் பொம்மையைத் தூங்க வைத்திருக்கிறாள்.

மே 9, சனி

வலி வந்துவிட்டது. யந்தினா வந்தாயிற்று. ஃபென்னா போஸ்ட்மா அம்மாள் வீட்டில். நன்றாகப் போகிறது— இங்கேயே, என் கட்டிலிலேயே— இனி எழுத முடியாது.

மே 10, ஞாயிறு

நேற்று மதியம் பனிக்குடம் உடைந்தது. தண்ணீர் பச்சையாக வந்தது. யந்தினா துணியைப் பார்த்தாள். பிறகு வேறு யாரையும் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"ஹில்கா, குழந்தைக்கு உள்ளயே மலம் போயிருக்கு. எனக்குப் பயமா இருக்கு. ஷூவ மாட்டு."

இத்தனை மாதமும் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பதிலாக என்னென்னவோ வாதங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். பொம்மையை வெளியே எடுத்துவிட்டு ஷூவை மாட்டினேன். அழுதது வீபேதான்.

ஸ்ட்ரெச்சர் கட்டில் பக்கம் வரை நேராக வந்தது. ஆம்புலன்ஸ் வண்டியில் யந்தினா என் கையை விடவில்லை. மருத்துவமனைக்குள் போனதும், இப்போது வலப்பக்கம் திரும்புகிறோம், இது லிஃப்ட், அந்தக் கோடியில் நிற்பவர் குழந்தை டாக்டர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கதவு வருவதற்கு முன்பே கதவு வருகிறது என்றாள். உள்ளே யாரோ என் தலைக்கு மேலே பேச ஆரம்பித்தபோது, "அவகிட்ட சொல்லுங்க" என்றாள். சொன்னார்கள். எல்லாவற்றையும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள்.

பையன். யெல்லே. வந்ததும் ஊரைக் கூட்டுகிற அழுகை. ராத்திரி முழுக்கக் கவனித்துவிட்டு, குறையொன்றுமில்லை என்று இன்று மதியம் அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் பிறக்கவில்லை. வருத்தமா? இருக்கிறது, கொஞ்சம். ஆனால் எனக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை. அதை நினைத்தால் சந்தோஷத்தில் அழுகை வருகிறது.

இப்போது பீர்ப் பெட்டிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன். பையன் பிறந்தால் இங்கே செய்கிற வழக்கப்படி ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, நீலமும் வெள்ளையுமாகச் சோம்பு மிட்டாய் தூவி வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாயிற்று. யந்தினா பார்க்க வந்தாள். வீபே இரண்டு ரஸ்க்கைத் தட்டில் வைத்து அவனாகவே நீட்டினான்.

வெளியே காலடிச் சத்தங்கள் விரிப்புக்குப் பின்னால் தயங்கித் தயங்கிப் போகின்றன. பாவம், அவர்களும் எத்தனை நாள்தான் பொறுப்பார்கள்!

"வீபே, அந்தத் துணிய அவுத்துடு" என்றேன்.

கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஃபென்னாவும் போஸ்ட்மா அம்மாளும் நின்றிருந்தார்கள். யெல்லேயை உயரத் தூக்கிக் காட்டினேன்.