தவணை போக மற்ற செலவுகள்

மார்ச் 9

மதிப்பிற்குரிய வீட்டுக்கார அம்மாவுக்கு,

உங்கள் மாடியில் பதினோரு வருடம் குடியிருந்தவள், கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள் எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதத்தான் நினைத்தேன். ஜனவரி கடைசியில் எங்கள் முன்பணத்தில் வெள்ளையடிக்கும் கூலியைப் பிடித்துக்கொண்டீர்களே, அது நினைவுக்கு வந்து பேனா நின்றுவிட்டது. சரி, போகட்டும். நானும் சாவியைப் படியில் வைத்துவிட்டு முகம்கூடக் காட்டாமல் வந்தவள்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். வீடு வாங்கும்போது நானும் இவரும் ஒரே ஒரு கணக்குத்தான் போட்டோம். உங்களுக்குக் கொடுக்கும் வாடகை, வங்கிக்குக் கட்டப்போகும் தவணை, இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம். இவர் ஸ்கூல் வேனில் இன்னொரு நடை கூட்டி ஓட்டினால் தீர்ந்தது என்று நிம்மதியாகத் தூங்கினோம். குடிவந்து ஆறு வாரம் ஆகவில்லை, வீட்டு வரி வந்து நிற்கிறது. தண்ணீருக்குத் தனி, சாக்கடைக்குத் தனி. தெருச் சங்கத்துக்காரர் ரசீதுப் புத்தகத்தோடு வந்து காவலாளிக்கு மாதச் சந்தா கேட்டார். "ராத்திரில நாங்க வெளியவே வர மாட்டோமே" என்றேன். "அதுக்குத்தாம்மா அவர் வெளிய வர்றாரு" என்றார். சந்தாவைக் கொடுத்து அனுப்பினேன்.

நேற்றுக் குளியலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. பழக்கதோஷம், கதவைத் திறந்து, "அம்மா, குழாய் ஒழுகுது!" என்று கத்தினேன். வாசலில் எங்கள் வேன்தான் நின்றது. இவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

நீங்கள் ஒண்டியாளாக முப்பது வருடம் ஒரு வீட்டைக் கட்டிக் காத்தவர். மாதாமாதம் வீட்டுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதினால் உதவியாக இருக்கும். நீங்கள் போனை எடுக்க மாட்டீர்கள் என்பதால்தான் கடிதம்.

இப்படிக்கு,
பழைய மாடிக் குடித்தனம்


மார்ச் 17

கண்ணாடிக்காரிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அரை மணி நேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். என்னைக் கஞ்சப் பிசினாறி என்று மாடிப்படியில் நின்று சொன்னவள்தானே நீ? முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அடுத்தவர் பேச்சுக்கெல்லாம் இணைப்புக் கொடுத்த காது இது. எல்லாம் கேட்டது. போதும் போதும் என்று கேட்டாகிவிட்டதால்தான் வேலையை விட்ட நாள் முதல் போனைத் தொடுவதில்லை. என்னோடு பேச வேண்டியவர்கள் மெனக்கெட்டு எழுதட்டும்.

வெள்ளையடித்த கூலி நியாயம். நீ அடித்த ஆணி இருபத்துமூன்று. எண்ணிவிட்டுத்தான் பிடித்தேன்.

இப்போது தெரிகிறதா, நீ மாதாமாதம் கொடுத்த வாடகை எங்கே போனது என்று? கேட்டுக்கொள். தண்ணீர்த் தொட்டியை மாதம் ஒரு தடவை ஆள் வைத்துக் கழுவ வேண்டும். நீயே இறங்கிக் கழுவாதே, வழுக்கும். கரையானுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மருந்து அடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியவில்லை என்று சும்மா இருந்துவிடாதே, தெரிந்த பிறகு கதவே இருக்காது. மழைக்கு முன்னால் மேல்தளத்துக்குப் பூச்சு, வருடா வருடம். எலெக்ட்ரீஷியனை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரச்சொல்லி ஒயர் எல்லாவற்றையும் பார்க்கச் சொல். இதையெல்லாம் நான் செய்ததால்தான் நீ பதினோரு வருடம் கால்மேல் கால் போட்டு இருந்தாய்.

குழாய்க்கு உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதை மாற்றினால் நின்றுவிடும். அதற்காக அழாதே.

கீழ்வீட்டுக்காரி


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

இனி 'அம்மா' கிடையாது. உங்களுக்கும் எனக்கும் ஆறு வயதுதான் வித்தியாசம். வாடகை கொடுத்த வரைக்கும் அம்மா, இப்போது அக்கா.

நீங்கள் சொன்னது எல்லாவற்றையும் வரி விடாமல் செய்துவிட்டேன். தொட்டி கழுவ வந்தவன், "போன மாசம்தானேம்மா கழுவுனோம், உள்ள பளிச்சினு இருக்கே" என்றான். "வீட்டைப் பத்தித் தெரிஞ்சவங்க சொல்லியிருக்காங்க, நீ இறங்கு" என்று அதட்டினேன். கரையான் மருந்து அடித்த நாற்றத்தில் இரண்டு நாள் தலைவலி. மேல்தளப் பூச்சுக்காக இவர் ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுலாச் சவாரிக்கு வேனை எடுத்துப் போகிறார். எனக்குக் கடையில் மாலை ஒரு மணி நேரம் கூடுதல் வேலை. தடித்த கண்ணாடிகளாக எனக்கென்று எடுத்து வைத்துவிடுகிறார்கள். தேய்த்துத் தேய்த்து விரல் நுனி மரத்துப்போகிறது.

ஆனாலும் அக்கா, ஒன்று சொல்ல வேண்டும். காலையில் சமையலறையில் வெயில் விழுகிறது. இவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து டீ குடிக்கிறார். நாற்காலி இருக்கிறது, உட்கார மாட்டார். "நம்ம தரை" என்கிறார். இத்தனை வயதுக்கு மேல் இப்படி ஒரு பைத்தியம். நானும் சில நாள் கூட உட்காருகிறேன். கையைக் கடித்தாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிக்கு யார் வந்திருக்கிறார்கள்? நான் வளர்த்த தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்களா?

அன்புத் தங்கை,
கண்ணாடிக்கடை


மே 12

அன்புத் தங்கைக்கு,

அக்கா என்று கூப்பிட்டால் மட்டும் முன்பணம் திரும்பி வராது. இருந்தாலும் கூப்பிடு.

மாடிக்கு யாரும் வரவில்லை. வருகிறார்கள், பார்க்கிறார்கள், எனக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் நாய் வைத்திருக்கிறார். ஒரு ஜோடி, அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் நர்ஸ், கைக்குழந்தை இருக்கிறது, இரண்டு தடவை வந்து கேட்டாள். குழந்தை அழும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். செடிக்கு நான்தான் ஊற்றுகிறேன். முழங்கால் என்னோடு சேர்ந்து மாடி ஏறி இறங்குகிறது, அதற்கும் பொழுது போக வேண்டுமே.

வீட்டு இன்சூரன்ஸ் போட்டாயா? போடு. சுவரில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டு. வெளிச்சுவர் வண்ணம் மூன்று வருடத்தில் வெளுக்கும், அதற்கு இப்போதிருந்தே மாதம் ஒரு தொகை எடுத்து வை. மோட்டாருக்கு ஒன்று, கதவு ஜன்னலுக்கு ஒன்று. மொத்தத்தில் உங்கள் இருவர் சம்பளத்தில் கால்வாசி வீட்டுக்கென்று ஒதுங்க வேண்டும், தவணை போக. வாடகை வீட்டில் இருக்கிறவருக்கு முதல் தேதியோடு கவலை முடிந்துவிடும். சொந்த வீட்டுக்காரருக்கு அன்றுதான் ஆரம்பிக்கும். உங்களுக்கு ஏன் இந்த வயதில் இது என்று நான் அப்போதே நினைத்தேன், நீதான் என்னிடம் பேசும் நிலையில் இல்லை.

அக்கா


ஆகஸ்ட் 21

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று மாதமாக எழுதவில்லை. உட்கார நேரமில்லை.

நீங்கள் சொன்ன கால்வாசியை ஒதுக்கினோம். மூன்று மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பார்த்தாகிவிட்டது. போன மாதம் இவர் வேனில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் அசந்துவிட்டார். நல்ல வேளை, வண்டி சிக்னலில் நின்றிருந்தது, உள்ளே குழந்தைகள் இல்லை. பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்துத்தான் எழுந்தாராம். வந்து சொல்லிவிட்டு அப்படியே படுத்துவிட்டார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். வீடு வேண்டாம்.

சங்கத்துக்காரரின் மைத்துனர் கேட்கிறார். விலை பரவாயில்லை, வங்கிக் கடனைக் கட்டிவிட்டுக் கொஞ்சம் மிஞ்சும். ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்க வந்தார். இவர்தான் கூட்டிப்போய்க் காட்டினார். "இந்த ஜன்னல்ல காத்து நல்லா வரும். இந்தக் கதவு மழைக்கு இறுகாது. தொட்டி சுத்தமா இருக்கும், மாசாமாசம் கழுவுறோம்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். வந்தவர் டேப்பை வைத்து அளந்துகொண்டே இருந்தார். அவர் போன பிறகு இவர் முகம் கழுவப் போனார். குழாய் வெகு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் கூப்பிடவில்லை.

செப்டம்பர் ஐந்தாம் தேதி கையெழுத்து. அக்கா, மாடி இன்னும் காலியாகத்தான் இருக்கிறதா? பழைய வாடகைக்குக் கிடைக்காது என்று தெரியும், கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள், தருகிறோம். உங்களைவிட்டால் எனக்கு வேறு வீட்டுக்காரி வேண்டாம். 'வா' என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், சாமான்களைக் கட்ட ஆரம்பிக்கிறேன்.

அன்புத் தங்கை


ஆகஸ்ட் 28

அன்புத் தங்கைக்கு,

மாடியை வாடகைக்கு விட்டுவிட்டேன். அந்த நர்ஸ் பெண்ணுக்கு. சாவியையும் கொடுத்தாகிவிட்டது. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவதற்கு முன்னால் கொடுத்தேன், போட்ட பிறகு கொடுக்க எனக்கு மனசு வராது.

உன் கடிதம் வந்த அன்று முழங்காலை மறந்து மாடிக்கு ஓடினேன். ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டேன், தரையைத் துடைத்தேன். 'வா' என்று ஒரு தாளில் எழுதியும் விட்டேன். அதை உறையில் போடும்போது உன் கடிதத்தை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தேன். தொட்டியை மாதாமாதம் கழுவுகிறோம் என்று உன் வீட்டுக்காரர் அந்த மனிதரிடம் பெருமையாகச் சொன்னாராமே. அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

தொட்டியை வருடத்துக்கு இரண்டு தடவை கழுவினால் போதும். நான் அதைக்கூடச் செய்ததில்லை. மேல்தளப் பூச்சு நல்லபடியாகப் போட்டால் நாலைந்து வருடம் தாங்கும். கரையானைக் கண்ணால் பார்க்காமல் மருந்து அடிக்க வேண்டியதில்லை. எலெக்ட்ரீஷியன் என் வீட்டுக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. முதல் கடிதத்தில் உன்னைக் கொஞ்சம் ஆட்டிவைக்கலாம் என்றுதான் எழுதினேன், உன்மேல் கோபம் இருந்தது. இரண்டாவது கடிதத்தில் கோபம் இல்லை. செலவு தாங்காமல் நீ திரும்பி வந்துவிடுவாய் என்ற நினைப்பு இருந்தது. நாயும் குழந்தையும் சும்மா சாக்கு. ஏழு மாதம் மாடியை உனக்காகத்தான் காலியாகப் போட்டு வைத்திருந்தேன். தலைக்கு மேல் காலடிச் சத்தம் இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு இருக்கத் தெரியவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பூச்சையும் மருந்தையும் எழுதினேன். உன் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கில் தூங்கும் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டேன். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு.

செலவே இல்லை என்று சொல்ல மாட்டேன். வரி, தண்ணீர், சங்கம், இன்சூரன்ஸ் இதெல்லாம் நிஜம். எதிர்பாராத பழுதுக்கென்று மாதம் கொஞ்சம் எடுத்து வைக்கத்தான் வேண்டும். எல்லாம் சேர்த்தால் உங்கள் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு வரும். கால்வாசி என்பது நான் கட்டிவிட்ட கதை. பத்தில் ஒன்றை உங்களால் ஞாயிற்றுக்கிழமை வேன் ஓட்டாமல் தாங்க முடியும். ஒரு தாளை எடுத்துக் கூட்டிப் பார், என்னை நம்பிவிடாதே.

கையெழுத்துப் போடாதே. இங்கே உனக்கு இடம் இல்லை.

அக்கா என்று கூப்பிட்டால் கூப்பிடு,
இல்லாவிட்டாலும் சரி


செப்டம்பர் 9

அக்கா,

ஐந்தாம் தேதி கையெழுத்துப் போடவில்லை. சங்கத்துக்காரருக்கு எங்கள்மேல் மனஸ்தாபம், இரண்டு மாதத்தில் சரியாகிவிடும்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று கிழித்துப் போட்டிருப்பேன். இவர்தான் பிடுங்கி வைத்துக்கொண்டார். நான்கு நாள் உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பூச்சுக்குக் கொடுத்த பணம் மனசை அறுக்கிறது, அதை இப்போதைக்கு மறக்க மாட்டேன். ஐந்தாவது நாள் திட்டிக்கொண்டிருக்கும்போதே, தனியாக மாடியைத் துடைத்துக்கொண்டு நின்றீர்களே, அது கண்ணில் வந்து திட்டுவதை நிறுத்திவிட்டேன். "தனியா இருக்கேன், வா" என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் கணக்கே பார்க்காமல் வந்திருப்பேன் அக்கா. இவரிடம் சொன்னேன். "வந்திருப்பேதான். அதான் அவங்க பயந்துட்டு சாவியக் குடுத்துட்டாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சவாரியை நிறுத்தியாகிவிட்டது. மதியம் வரை தூங்குகிறார். சொன்னபடி தாள் எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன பத்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலேதான் வருகிறது, ஆனால் சமாளிக்கலாம். காவலாளிதான் இன்னும் எதற்கு என்று புரியவில்லை.

வரும் ஞாயிறு இரண்டு மணிக்கு வேன் உங்கள் வாசலுக்கு வரும். நர்ஸ் பெண்ணிடம் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஏறி உட்காருங்கள். முன் சீட், முழங்காலை நீட்டிக்கொள்ளலாம். இங்கே வந்து சுவரைத் தட்டிப் பார்ப்பது, மேலே ஏறிப் பார்ப்பது எதுவும் கிடையாது. சும்மா உட்கார்ந்தால் போதும்.

உங்கள் தங்கை