இருபது மீட்டர் கம்பியும் ஒகாபேயின் குளியலறையும்

ஏப்ரல் 6, ஞாயிறு
ரேடியோ உரிமம் தபாலில் வந்துவிட்டது. முப்பது வருடத்துக்குப் பிறகு எனக்கு மறுபடி ஓர் அழைப்புக்குறி! பள்ளித் தோழி மிச்சியோவுக்குச் செய்தி அனுப்பினேன். உடனே பதில்: "சீக்கிரம் ஆன்டெனாக் கம்பியைக் கட்டுடி. போன்ல எழுதி எழுதி அலுத்துப்போச்சு. இது பேச்சா?"

போன இலையுதிர் காலத்தில் அவளுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. குரல் போய்விட்டது. பள்ளி ரேடியோ சங்கத்தில் புள்ளியும் கோடுமாக மோர்ஸ் தட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அந்தக் கை அப்படியேதானே இருக்கிறது? அவள் நாட்டின் வடகோடியில் ரிஷிரி தீவில், நான் இங்கே தொத்தோரியில். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஆனால் இருபது மீட்டர் கம்பி போதும்.

என் கணவர் ஷிகெகி கேட்டார்: "துணி காயப்போடுற கொடி இருக்கே, அது ஆகாதா?" இந்த மனுஷரோடு இருபத்தாறு வருடம்!

ஏப்ரல் 9, புதன்
பஸ் டிப்போவில் விடுப்பு. கம்பியின் ஒரு முனையைக் கூரையில் கட்டியாயிற்று. மறுமுனைக்கு உயரமாக இருப்பது பக்கத்து வீட்டு ஒகாபேயின் பைன் மரம் ஒன்றுதான். அவர் என்னோடு பேசி மூன்று வருடம் ஆகிறது. நான் காரைப் பின்னால் எடுத்தபோது அவருடைய பூந்தொட்டிகள் இரண்டு உடைந்தன.

ஸ்ட்ராபெரி வைத்த மோச்சி அரிசிப் பலகாரம் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போனேன். "அவ்வளவு பெரிய பஸ் ஓட்டுறீங்க, தொட்டி தெரியலையாம்மா?" என்று ஆரம்பித்தார். குனிந்து கேட்டுக்கொண்டேன். பிறகு மிச்சியோவைப் பற்றிச் சொன்னேன். பைன் மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஆணி அடிக்கக் கூடாது. கயிறு மட்டும். நான்தான் கட்டுவேன்."

எழுபத்து நாலு வயதில் ஏணி ஏறி அவரே கட்டினார்.

ஏப்ரல் 12, சனி
கம்பியின் நடுவிலிருந்து ரேடியோவுக்குப் போகும் கோஆக்சியல் கேபிளை இறக்கி, ஏசி குழாய் போகும் ஓட்டை வழியாக உள்ளே இழுத்தேன். முனையில் ஈயம் பற்றவைக்கும்போது விரலைச் சுட்டுக்கொண்டேன். திரும்பி வரும் அலையைக் காட்டும் மீட்டரில் முள் உயரத்தில் நின்றது. கம்பிக்கு நீளம் கூடுதல். இரண்டு முனையிலும் ஒரு சாண் வெட்டினேன். முள் இறங்கியது. நாளைக்கு மிச்சியோ!

ஏப்ரல் 13, ஞாயிறு
அவளை அழைக்க ஆரம்பித்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வாசலில் ஒகாபே, தலையில் துண்டோடு.

"என்னம்மா பண்றீங்க? என் குளியலறை தானா பேசுது! வெந்நீர் தயார், வெந்நீர் தயார்னு பதினோரு தடவை! தொட்டியில சொட்டுத் தண்ணி இல்ல!"

தொட்டி நிரம்பியதும் குரல் கொடுக்கும் வெந்நீர்க் கருவி, என் ரேடியோ அலையில் உளறியிருக்கிறது. சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

ஏப்ரல் 14, திங்கள்
கயிறு அவிழ்ந்து கிடக்கிறது. அவரேதான் அவிழ்த்திருக்கிறார். மிச்சியோவிடம் என்ன சொல்வேன்?

ஏப்ரல் 20, ஞாயிறு
வாரம் முழுக்கப் படித்தேன். தப்பு என்னுடையதுதான். கேபிளுக்குள்ளேயே போக வேண்டிய அலை அதன் வெளித்தோலிலும் வழிந்து வீட்டுப் பக்கம் இறங்கியிருக்கிறது. கம்பியோடு சேரும் இடத்தில் கேபிளைச் சில சுற்று சுற்றி, அந்த வழிவைத் தடுக்கும் ஃபெரைட் வளையங்களும் மாட்டினேன். ஒகாபேயிடம் போய் மன்னிப்புக் கேட்டு, ஒரே ஒரு மணி நேரம் கயிற்றைக் கட்டித்தாருங்கள் என்று கெஞ்சினேன். முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். பிறகு அவர் குளியலறையில் போனோடு, நான் இங்கே தட்டிக்கொண்டு.

"இப்ப பேசுதா ஐயா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்லம்மா." கொஞ்சம் பொறுத்து, "சப்புன்னு இருக்கு. நல்லா பேசிச்சு பாவம்."

கயிற்றை அவிழ்க்கவில்லை!

மே 4, ஞாயிறு
கேட்டேன். இரைச்சலுக்கு அடியில் மெல்லிசாக — ஆனால் அவள்தான். கடைசிக் கோட்டை இழுத்து விடுகிற அந்தக் கை வேறு யாருக்கும் கிடையாது. "நீ ரொம்ப மெதுவா தட்டுற. பஸ் நிறுத்தத்துக்கு நிறுத்தம் நிக்குதா?" என்று தட்டினாள். பதிலில் என் அழைப்புக்குறியையே தப்பாகத் தட்டினேன். என்ன அழுகை இது, இந்த வயதில்.

மே 25, ஞாயிறு
இன்று நாற்பது நிமிடம். பள்ளி முகாமில் கறிக்குழம்பைக் கரியாக்கியது யார் என்று சண்டை. அவள்தான். ஒப்புக்கொள்ளவே இல்லை. நான்கு புள்ளி, இரண்டு புள்ளி, மறுபடி நான்கு, இரண்டு: 'ஹி ஹி' என்று ஸ்பீக்கரில் ஓயாமல் தட்டினாள்.

ஷிகெகிக்கு மோர்ஸில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. பாத்திரம் தேய்த்தபடியே அடுக்களையிலிருந்து கேட்டார்: "அப்படி என்ன சொன்ன அவகிட்ட? இந்தச் சிரிப்பு சிரிக்கிறா?"