கம்பளிக்கு வைக்கும் கைநாட்டு

பெங்களூர்
10-1-1957

அன்புள்ள அம்மாவுக்கு காந்தாவின் வணக்கம். அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன். நீயே எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும் என்றுதான் பெரிது பெரிதாக எழுதுகிறேன். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரிடம் மட்டும் இதைக் காட்டாதே.

முதலாளி வீட்டில் வேலை முடிந்து நான் படுக்கும் அறை முழுக்க இப்போது காபி மூட்டைகள். கால் நீட்டத்தான் இடமில்லை, மற்றபடி கஷ்டமில்லை. எல்லாம் சட்டப்படி சர்க்கார் காபி போர்டுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் ஒளித்தவை. இன்று சாயங்காலம் ரைட்டர் முதலாளியோடு இந்த அறைக்கு வந்தார். நான் மூட்டைகளுக்குப் பின்னால் படித்துக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது.

"சோதனை போட வந்தால் என்னய்யா சொல்வது?" என்று முதலாளி கேட்டார்.

"காபி காயவைக்கும் களத்துக் காவல்காரன் திருடி விற்றதாக எழுதி வைத்திருக்கிறேன் சாமி. கம்பளி வாங்கியதற்கு என்றால் கைநாட்டு வைத்துவிடுவான். அவனுக்கென்ன படிக்கவா தெரியும்?" என்று ரைட்டர் சிரித்தார்.

அம்மா, அது நம் அப்பா.

சனிக்கிழமை கம்பளி கொடுப்பார்களாம். அப்பா எதிலும் விரல் வைக்க வேண்டாம். கையில் காயம் என்று துணி சுற்றிக்கொள்ளட்டும். குளிர்ந்தாலும் பரவாயில்லை.

இங்கே துணி துவைக்கும் ஒக்கலிபுரம் மேரியக்கா நாளை தன் அண்ணனைப் பார்க்க உங்கள் கூலி லைனுக்கு வருகிறாள். அவளிடம்தான் இதைக் கொடுக்கிறேன். பதில் எழுதாதே. அப்பா விரல் வைக்கவில்லை என்றால் அவள் திரும்பும்போது தோட்டத்து ஆரஞ்சு இரண்டு கொடுத்தனுப்பு, எனக்குப் புரியும். ஆரஞ்சு சாப்பிட்டும் நாளாகிறது.

என்னைக் கூட்டிப் போக வந்துவிடாதீர்கள். நான் கிளம்பினால் யார் சொன்னது என்று தெரிந்துவிடும். மாடியில் யாரோ எழுந்து விளக்குப் போட்டுவிட்டார்கள், நிறுத்துகிறேன்.

காந்தா