கூரையில்லாத வண்டி

15.2.1976, ஞாயிறு

டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். வடிவுக்கு உடம்பில் ஒன்றுமில்லையாம். நாடி சரி, நெஞ்சு சரி, ரத்தம் மட்டும் கொஞ்சம் குறைவு. "ஞாயித்துக்கிழமை வெளிய கூட்டிட்டுப் போங்க. காத்தாட ஒரு சுத்து. மனசு சந்தோஷமா இருக்கணும்" என்றார். சந்தோஷம் வேளைக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று எழுதித் தரவில்லை.

கார்த்திகையில் எங்கள் மகள் தாயி போனதிலிருந்து வடிவு தானாக வாசற்படி தாண்டவில்லை. பிள்ளைக்கு ஆறு வயது. தொண்டை அடைப்பான். டாக்ஸி பிடித்துப் பாளையங்கோட்டைக்குக் கொண்டு போனோம். குளிர்காற்று படக்கூடாது என்று கண்ணாடிகளை ஏற்றிவிட்டவன் நான். வல்லநாடு தாண்டும்போது வடிவின் மடியில் மூச்சு நின்றது.

அதற்குப் பிறகு இரண்டு முறை அவளைக் காரில் ஏற்றிப் பார்த்தேன். கதவைச் சாத்தியதும் மூச்சுக்குத் தவிக்கிறாள். டாக்டர் சொன்ன மருந்து கூரையில்லாத வண்டியில்தான் கொடுக்க முடியும். அப்படி ஒரு வண்டிக்கு ஜீப் என்று பெயர்.

20.2.1976

பழைய துறைமுகத்துக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் மந்திரமூர்த்தியிடம் போனேன். என் கடை லாரியைப் பழுது பார்ப்பவன். (கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, கயிறு சப்ளை செய்பவனுக்கு லாரியும் பழுதும் சேர்ந்தே வாய்க்கும்.)

"ஜீப்பா? உங்களுக்கா? அண்ணாச்சி, ஜீப் வாங்குதவன் ரெண்டே வகை. ஒண்ணு எஸ்டேட்காரன். இன்னொண்ணு எலெக்‌ஷன்ல நிக்கவன்."

"இப்பதான் எலெக்‌ஷனே கிடையாதே."

"அதான் சீந்துவாரில்லாம கிடக்கு. நல்ல நேரத்துலதான் வந்திருக்கிய."

நாட்டில் நடப்பதனால் நேரடியாக எனக்குக் கிடைத்த முதல் லாபம்.

28.2.1976

காயல்பட்டினத்தில் ஒரு வியாபாரியின் கொட்டகை. உலகப் போரில் ஜெயித்த வண்டி என்றார் விற்பவர். ஜெயித்த பிறகு யாரும் அதைத் தொடவில்லை போலிருக்கிறது. ஸ்டியரிங் இடப்பக்கம், அப்படியானால் எதிரே வரும் லாரிகளை வடிவுதான் முதலில் சந்திப்பாள். பின் ஸீட்டில் ஒரு வெள்ளாடும் இரண்டு குட்டிகளும்.

"ஓடுமா?" என்று மூர்த்தி கேட்டான்.

"ஆட்ட இறக்கிட்டா ஓடும், தம்பி" என்றார் அவர். ஆடு இறங்கச் சம்மதிக்கவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது வடிவிடம் சொன்னேன். வழக்கம்போல் சுவரிடம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னேன். சாதம் போட்டுவிட்டு, "குட்டி என்ன நிறம்?" என்றாள்.

கறுப்பு என்றேன். கவனிக்கவே இல்லை, உண்மையில்.

7.3.1976, ஞாயிறு

உப்பளக்காரர் ஒருவரின் ஜீப். வெளியே பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது. உட்கார்ந்து கீழே பார்த்தால் ரோடு தெரிகிறது. உப்பு தகட்டைத் தின்றுவிட்டது. இரண்டு பக்கமும் காட்சி தெரிய வேண்டும் என்று கேட்டேனே தவிர, காலடியிலும் என்று கேட்கவில்லை.

"தரையில பலகை போட்டுக்கிடலாம்" என்றார் உப்பளக்காரர்.

"பலகைய ஓட்டிக்கிட்டே போயிரலாமே அண்ணாச்சி, ஜீப் எதுக்கு?" என்றான் மூர்த்தி.

இதையும் வடிவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கிற முகத்துக்கும் கேட்காத முகத்துக்கும் உள்ள வித்தியாசம் இந்த நாலு மாதத்தில் எனக்குப் பாடமாகிவிட்டது.

20.3.1976

கிடைத்துவிட்டது. சர்க்கார் ஏலம். குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்துக்கு ஓடிய ஜீப். வேலை மும்முரமாகிவிட்டதால் புது வண்டிகள் வந்துவிட்டனவாம். பழையதைக் கழித்துக் கட்டினார்கள். எஞ்சின் நன்றாக இருக்கிறது. மேலே கித்தான், கழற்றினால் முழு வானமும் நம்முடையது.

"சர்க்கார் வண்டிலா. ஓடுனதைவிட டீக்கடையில நின்னதுதான் கூட. இதத்தான் எடுக்கணும்" என்றான் மூர்த்தி.

இரண்டு பக்கமும் தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம். அடியில் 'நாம் இருவர் நமக்கு இருவர்'. முதல் பாதி மட்டும் எங்களுக்குப் பொருந்தும்.

அன்றைக்கே அதன்மேல் பச்சை அடிக்கச் சொல்லிவிட்டேன்.

11.4.1976, ஞாயிறு

ஏறினாள்.

கால்மணி நேரம் வாசலில் நின்று வண்டியைப் பார்த்தாள். மேலே கையை நீட்டித் துழாவினாள் — கூரை இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்வதுபோல. பிறகு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி நின்றால் தள்ளுவதற்கு மூர்த்தி பின்னால். ஆத்தூர்ப் பாலத்தில் ஆற்றுக் காற்று அவள் முந்தானையைப் பிடுங்கியது. மூச்சு முட்டவில்லை. திருச்செந்தூர் தாண்டித் தேரிக்குப் போனோம். செம்மண் மேடுகளில் ஜீப் படகு மாதிரி ஏறி இறங்கியது. அவள் கம்பியை இறுகப் பிடித்திருந்தாள்.

திரும்பும்போது டீ குடிக்கலாமென்று செங்காட்டுவிளைக்குள் திருப்பினேன். அங்கேதான் அது நடந்தது.

டீக்கடையில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் ஓடினார்கள். வேட்டியைத் தூக்கிக்கொண்டு, கிளாஸைக் கீழே போட்டுவிட்டு, விடலிப் பனைகளுக்குள் ஓட்டம். பாதி முகம் சவரமான ஒருவர் நுரையோடு ஓடினார். அவர் பின்னால் கத்தியோடு நாவிதர். துரத்துகிறார் என்று நினைத்தேன். அவரும் தப்பிக்கத்தான் ஓடினார். நிமிஷத்தில் தெரு காலி. கடைக்காரக் கிழவி மட்டும் எழுந்து கும்பிட்டாள்.

"எங்க ஊர்ல ஆம்பளையே கிடையாதுய்யா. எல்லாவனும் கொழும்புக்குப் போயிட்டான்."

நாங்கள் மறைத்தது முக்கோணத்தைத்தான், ஜீப்பை அல்ல. இந்தப் பக்கத்தில் ஜீப் என்றால் கருத்தடை ஆபரேஷன். பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பேச்சு.

அப்போது பக்கத்தில் ஒரு சத்தம். மறுபடி மூச்சு முட்டுகிறதோ என்று பதறித் திரும்பினேன்.

வடிவு சிரித்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க. "அந்த நுரை…" என்றாள். மேலே பேச முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

12.4.1976

காலையில் தோசை சுடும்போதும் ஒரு தடவை சிரித்தாள். தானாக.

25.4.1976, ஞாயிறு

அவளே கேட்டாள்: "அந்த ஊர்ப் பக்கமே போவமா?"

இன்றும் ஓடினார்கள். ஒருவன் மட்டும் ஓட வழியில்லை; ஊர் முகப்பில் பனை உச்சியில் பதனி இறக்கிக்கொண்டிருந்தான். மரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். கீழே பார்த்தவன் மட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"எய்யா! எனக்கு மூணும் பொட்டப்புள்ள! ஒரு பய மட்டும் பொறக்கட்டும், மாடக்கண்ணு தானா வந்து படுத்துக்கிடுதேன்!"

வடிவு டேஷ்போர்டில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள்.

"போன மாசமும் வேட்டி தாரோம்னுதான்யா கூட்டிட்டுப் போனிய! சோலையப்பன் இன்னும் நேரா நடக்கல!"

"சொல்லிருவமா அண்ணாச்சி? பதனி குடிக்க வந்தவங்கன்னு?" என்று மூர்த்தி என் முதுகைத் தொட்டான்.

"இரு" என்றேன்.

என் தாத்தா இதே தேரியில் மரம் ஏறியவர். அப்பா கீழே இறங்கிக் கடை வைத்தார். நான் ஜீப்பில் வந்து மரத்தடியில் நிற்கிறேன். குடும்பம் முன்னேறியிருக்கிறது.

சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் இறங்கிவிடுவான். இறங்கினால் சிரிப்பு நின்றுவிடும்.

2.5.1976, ஞாயிறு

போனோம். ஓடினார்கள். ராத்திரி வடிவு இரண்டு வாய் கூடச் சாப்பிட்டாள்.

10.5.1976, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. கையில் கட்டு.

மாடக்கண்ணு பாதி மரம் இறங்கியிருந்தான். எங்களைப் பார்க்கவில்லை. வடிவு அவனைக் காட்டி, "அன்னைக்கு உள்ளவர்தான்" என்றாள். முகத்தில் அந்தச் சிரிப்பு வரத் தொடங்கியிருந்தது. நான் ஹாரன் அடித்தேன். ஒரு தடவை இல்லை. அவள் சிரிக்கட்டும் என்று மறுபடியும் அடித்தேன்.

அவன் திரும்ப மேலே ஏறப் பார்த்தான். அவசரத்தில். காலில் மாட்டியிருந்த நார் நழுவியது. கலயம் முதலில் விழுந்தது.

ஏன் அடிச்சேன்? எதுக்கு அடிச்சேன்? சும்மா நின்னிருந்தா அவன் பாட்டுக்கு இறங்கி வந்திருப்பானே.

மூர்த்தியும் நானும் தூக்கினோம். இடுப்புக்குக் கீழே தொங்கியது. நினைவு நன்றாக இருந்தது, அதுதான் கொடுமை. "ஜீப்புல ஏத்தாதிய… எய்யா, எங்க வேணாலும் போடுங்க, ஜீப்புல மட்டும் ஏத்தாதிய" என்று என் கையைக் கடித்தான். ஏற்றினோம். அவன் பெண்டாட்டி சீனித்தாய் அரிவாளோடு ஓடி வந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அரிவாளைப் போட்டுவிட்டு ஏறிக்கொண்டாள். வடிவு பின்னால் போய் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வாங்கினாள். ஆஸ்பத்திரி வரைக்கும் குனிந்து அவன் மூக்கடியில் விரலை வைத்திருந்தாள். மூச்சு வருகிறதா என்று.

திறந்த வண்டிதான். காற்று நன்றாக வந்தது.

11.5.1976

போலீஸ் ஏட்டு எழுதிக்கொண்டார்: தொழில் செய்யும்போது தவறி விழுந்தது. ஹாரனைச் சொன்னேன். "அதெல்லாம் எதுக்கு சார்" என்றார். நான் சர்க்கார் ஆள் இல்லை என்றும் சொன்னேன். இன்னொரு தடவை எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஊரில் யாரும் புகார் கொடுக்கவில்லை. ஜீப்மேல் யாரிடம் புகார் கொடுப்பது?

வீட்டுக்கு வந்ததும் வடிவு சொன்னாள், சுவரைப் பார்த்துக்கொண்டு:

"அன்னைக்குக் கண்ணாடிய ஏத்துனிய. இப்ப ஹாரன அடிச்சிய. ரெண்டும் நல்லதுக்குத்தான், என்ன?"

ஆறு மாதமாக இந்த முதல் பாதியை உள்ளேயே வைத்திருந்திருக்கிறாள்.

16.5.1976, ஞாயிறு

பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். உயிருக்கு ஆபத்தில்லை. முதுகெலும்பு. இனி நடக்க மாட்டான். தாழ்வாரத்துக்கு என்னைத் தனியே கூப்பிட்டு, இனிக் குழந்தைக்கும் வழியில்லை என்றார்.

அவன் எதற்குப் பயந்து மரத்தில் உட்கார்ந்திருந்தானோ, அது நடந்துவிட்டது. வேட்டிகூடக் கொடுக்காமல் நடத்தி முடித்திருக்கிறேன்.

30.5.1976, ஞாயிறு

மாடக்கண்ணுவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாட்டு வண்டியில் போனான். என் வண்டியில் ஏற மாட்டான் என்று நான் கேட்கவே இல்லை.

காலையில் வடிவு குளித்துப் புடவை மாற்றித் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு நடையில் நின்றாள். செங்காட்டுவிளைக்குப் போகிறாளாம்.

"நானும் வாரேன். ஜீப்ப எடுக்கேன்."

"ஜீப்பா?" என்றாள். கோபமில்லை, காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகப்பட்டவள் மாதிரி. பிறகு, "நீங்க வேண்டாம். உங்களக் கண்டா புள்ளைக பயப்படும். நானும்தான் சிரிச்சேன். நான் போய்க்கிடுதேன்" என்றாள்.

வாசற்படியைத் தாண்டிப் போனாள். இதைப் பார்க்கத்தானே நான் ஆசைப்பட்டது?

6.6.1976, ஞாயிறு

போனாள். சீனித்தாய் முதல் தடவை சோற்றைத் தெருவில் கொட்டினாளாம். இந்தத் தடவை வாங்கி வைத்துக்கொண்டாளாம்.

19.6.1976

ஜீப்பை மூர்த்தி விற்றுக்கொடுத்தான். வாங்கியவர் ஒரு காண்டிராக்டர். சர்க்காருக்கே வாடகைக்கு விடப் போகிறாராம். பிரசாரத்துக்கு வண்டி பற்றவில்லையாம். முக்கோணத்தை மறுபடி எழுத வேண்டும். என் பச்சைக்கு அடியில் பழைய சிவப்பு லேசாகத் தெரிகிறது. பெயிண்டருக்கு வேலை மிச்சம்.

"வேற ஆளுக்குத் தள்ளிருவமா அண்ணாச்சி?" என்று விலை முடிக்குமுன் மூர்த்தி கேட்டான்.

வேறு ஆள் வரவில்லை. நாங்களும் காத்திருக்கவில்லை.

27.6.1976, ஞாயிறு

மாடக்கண்ணுவின் நடுமகளுக்குத் தாயியின் பாவாடை சரியாக இருக்கிறதாம். பீரோவைத் திறந்து எப்போது எடுத்தாள்? நான் கேட்கவில்லை.

11.7.1976, ஞாயிறு

வீட்டில் நான் மட்டும். பேப்பரை இரண்டு தரம் படித்தேன். நாடு முழுவதும் எல்லாரும் திருப்தியாக இருப்பதாகப் போட்டிருக்கிறது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வடிவு வந்தாள். தலையெல்லாம் செம்மண். பாதம் தெரியாமல் செம்மண். கையில் ஓலைக் கொட்டானில் கருப்பட்டி, சீனித்தாய் கொடுத்ததாம். காசு கொடுத்தும் வாங்க மறுத்துவிட்டாளாம். அவர்கள் வீட்டில் இனிக் கருப்பட்டிக்குப் பதனி இறக்க ஆள் இல்லை. இருந்ததில் கடைசியாக இருக்கும்.

"பஸ்ஸுல உக்கார இடம் கிடைச்சுதா?" என்று கேட்டேன். வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

"எங்க! சந்தைக் கூட்டம். தேரிக் காத்து மண்ண வாரி அடிக்குன்னு ரெண்டு பக்கமும் ஷட்டர இறக்கிட்டானுவ. ஆத்தூர் வரைக்கும் நின்னுக்கிட்டேதான் வந்தேன்."

நான் எழுந்துவிட்டேன். எல்லாப் பக்கமும் அடைத்த பஸ். "வடிவு… மூச்சு முட்டலியா?"

"முட்டுச்சு" என்றாள். "எல்லாருக்கும்தான் முட்டுச்சு."

கொட்டானை என்னிடம் கொடுத்துவிட்டுக் கால் கழுவப் போனாள்.