எனக்குப் பதிலாக யார்?

அன்புள்ள நெஸ்டா,

முழங்கால் வலி குறைந்ததா? அபர்டீனில் நான் நலம். இதை யாரும் எழுதித் தரவில்லை. மாலை வகுப்புக்குப் போன என் கைதான்! ஒரு வரி முடிவதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது.

வரிச்சட்டம் மாறிவிட்டதாம். நம் கம்பெனி மூலம் வேலை செய்தாலும், நான் தனி ஒப்பந்தக்காரனா, அவர்கள் ஆளா என்று கப்பல் பட்டறைக்காரர்களே இனி முடிவு செய்வார்களாம். நேற்று மேலாளர் கூப்பிட்டுக் கேட்டார்.

"உடம்பு முடியலேன்னா பதிலுக்கு வேற ஆளை அனுப்புவீங்களா, டில்வின்?"

"யாரைத் தம்பி அனுப்ப? கம்பெனியில நானும் என் பொண்டாட்டியும்தான். அவ வெல்டிங் வச்சா உங்க கப்பல் கரையிலயே முழுகிடும்!"

எல்லோரும் சிரித்தார்கள். பதிலாள் அனுப்ப முடிந்தவன்தான் தனி ஒப்பந்தக்காரனாம். அந்தப் பதிலால் நான் அவர்கள் ஆளாகிவிட்டேன். இனிச் சம்பளக்காரனைப் போல வரி பிடிப்பார்கள். ஆனால் சம்பளக்காரனுக்குள்ள விடுப்பு கிடையாது, காய்ச்சலில் படுத்தால் காசும் கிடையாது. கவலைப்படாதே, அலுப்புத்தான்.

வசந்தம் வரை இருக்கச் சொல்கிறார்கள். கம்பெனியில் பாதி நீ. அதை மூடிவிட்டு ஊருக்கு வரட்டுமா? பெரிய எழுத்தில் எழுது, நானே படிப்பேன். இருக்கச் சொன்னால் கம்பளிக் காலுறை அனுப்பு. வரச் சொன்னால் வேண்டாம்.

வகுப்புக்கு நேரமாயிற்று.

உன் டில்வின்