மடித்து வைத்த தாளை நான் படித்துவிட்டேன், மச்சான்

என் அன்பு மச்சான் முனியாண்டிக்கு,

முதல் சேதி, அன்றைக்கு நீ சொன்னதுதான் சரி. கடைசிச் சேதியும் அதுதான். நடுவில் நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இது என் கையெழுத்து. யாரிடமும் சொல்லி எழுதி வாங்கவில்லை. ஈப்போ புந்தோங்கில் எங்கள் அடுக்குமாடியின் கீழ் மண்டபத்தில் சனிக்கிழமை காலையில் தமிழ் வகுப்பு நடக்கிறது. எட்டுப் பெண்கள், ஆண் என்று நான் ஒருவன்தான். எழுபத்தெட்டு வயதில் சேர்ந்தேன், இரண்டு வருடம் ஆகிவிட்டது. இந்தப் பத்தியை எழுத எனக்கு ஒரு காலை முழுவதும் போனது. ஆனாலும் சொல்கிறேன், ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய கை எதையும் பழகிக்கொள்ளும்.

இதை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். உன்னை ஏசியபோது ஊரறிய ஏசினேன். ஒப்புக்கொள்வதும் ஊரறிய இருக்கட்டும். அதனால், படிக்கிறவர்களுக்காக, உனக்குத் தெரிந்த கதையையே மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நம் தோட்டத்தை விற்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்த சமயம். ஒருநாள் விடியற்காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஒரு கட்டுத் தாளோடு வந்து நின்றார். ஆளுக்கு ஒன்று கொடுத்தார். "வீட்டு மனைக்கு மனு. எல்லாரும் ரேகை வச்சாத்தான் செல்லும். சீக்கிரம் வாங்க, வெயில் ஏறுது" என்றார். நாங்கள் வரிசையில் நின்றோம். மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்தினோம், தாளில் வைத்தோம், தாளை அவரிடமே கொடுத்தோம். விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு மரத்துக்குப் போனோம்.

நீ மட்டும் வைக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றாய். என் காதில் மெதுவாகச் சொன்னாய்: "மச்சான், உனக்கும் படிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிஞ்சவரு ஒருத்தருதான். அவரு ஏன்லா இவ்வளவு அவசரப்படுறாரு?"

நான் என்ன சொன்னேன்? "பேசாம வைலா, எல்லாரும் வைக்கிறாங்க" என்றேன். நீ தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாய்.

மனை வரவில்லை. நாலு மாதத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ்தான் வந்தது. "ஒருத்தன் ரேகை வைக்கல, அதான் மனு விழுந்து போச்சு" என்று யாரோ சொன்னார்கள். யார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அதை அதிகம் சொன்னவன் நான். கல்யாண வீட்டில் சொன்னேன், சாவு வீட்டில் சொன்னேன், திருவிழாப் பந்தலில் சொன்னேன்.

நீ டவுனில் ஒரு வாத்தியாரிடம் தாளைப் படிக்கக் கொடுத்துவிட்டு என்னைத் தேடி வந்தாய். "அது மனு இல்ல மச்சான். இந்தா தாளு, நீ யார்கிட்ட வேணாலும் படிச்சுப் பாரு" என்று நீட்டினாய். நான் உன் கையைத் தட்டிவிட்டேன். ஏன் தெரியுமா? என் விரலில் அந்த மை காய்ந்து நாளாகிவிட்டது. நீ சொல்வது உண்மை என்றால் நான் முட்டாள். நீ பொய்யன் என்றால் நான் ஏமாற்றப்பட்டவன். இரண்டில் எது எனக்குச் சுகமோ அதை நம்பினேன். முப்பது வருடத்துக்கு மேல் அந்தச் சுகத்திலேயே இருந்தேன். உன் தங்கை பாக்கியம் ஒவ்வொரு தீபாவளிக்கும் தனியாக பஸ் ஏறி சுங்கை சிப்புட்டுக்கு உன் வீட்டுக்கு வருவாள். நான் வர மாட்டேன். நாலு வருடத்துக்கு முன்னால் நீ இறந்தபோது வந்தேன், வாசலோடு நின்றேன்.

இனிப் புதுக் கதை.

நம் பேத்தி தர்ஷினி பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். உனக்கு அவளைத் தெரியும், பல்லில் கம்பி போட்டிருந்த பிள்ளை. கம்பியை எடுத்தாகிவிட்டது, வாய்தான் கூர்மையாகிவிட்டது. அவர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறதாம். கேட்டதை அப்படியே நம்பாமல் எப்படி யோசிப்பது என்பதுதான் அந்தப் பாடமே. நான் சிரித்தேன். யோசிக்கக்கூடவா பல்கலைக்கழகம் போக வேண்டும்?

அந்தப் பாடத்துக்காக, வீட்டில் வழங்கும் ஒரு கதையைக் கேட்டு எழுதி வரச் சொன்னார்கள். அவள் கைப்பேசியை என் முன்னால் வைத்தாள். நான் நம் கதையைச் சொன்னேன், வழக்கம்போல. முடிந்ததும் தாளில் எழுதிய சம்மதப் பாரம் ஒன்றை நீட்டினாள். "தாத்தா, நீங்க பேசினத நான் எழுதலாம்னு சம்மதம். இங்க ஒரு கையெழுத்து" என்றாள். கையெழுத்து போடப் பழகியதிலிருந்து எனக்கு அதில் ஓர் ஆசை. பார்சல் கொண்டு வருகிறவரிடம்கூட வளைத்து வளைத்துப் போடுவேன். இதிலும் போட்டேன்.

பத்து நாள் கழித்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"தாத்தா, மிஸ் திருப்பிக் கொடுத்துட்டாங்கலா."

"ஏன்? எழுத்துல பிழையா?"

"அதெல்லாம் இல்ல. ஓரத்துல கேள்வி எழுதியிருக்காங்க. 'இதைச் சொன்னவர் எதைத் தானே பார்த்தார், எதைக் காதால் கேட்டார்? அந்த முனியாண்டியின் வீட்டில் யாரையாவது கேட்டாயா?'"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் அங்கயே நின்னேன்லா! உங்க மிஸ் அப்ப பொறந்திருக்கவே மாட்டாங்க. இந்தக் கண்ணால பார்த்தேன்!"

"பார்த்தீங்க தாத்தா. படிச்சீங்களா?"

அடுப்படியிலிருந்து பாக்கியம் சிரித்தாள். "அப்படிக் கேளு பிள்ளை! இத்தனை வருஷமா நானும் இதையேதான் கேக்குறேன். கேட்டா, அண்ணனுக்குப் பரிஞ்சுக்கிட்டு வர்றேன்னு என் வாய அடைச்சிடுவாரு."

தர்ஷினி விடவில்லை. "சரி, அது பழசு. பத்து நாளைக்கு முன்னால எனக்குக் கையெழுத்து போட்டீங்களே, அந்தத் தாள்ல என்ன எழுதியிருந்துச்சு?"

மச்சான், அந்தப் பாரம் தமிழில் இருந்தது. அவளே உட்கார்ந்து தமிழில் எழுதியிருந்தாள். எனக்கு இப்போது எழுத்து தெரியும். இருந்தும் படிக்காமல் போட்டேன். அப்படியென்றால், அன்றைக்குப் பெரட்டுக் களத்தில் என்னிடம் இல்லாமல் போனது வெறும் எழுத்து மட்டும்தானா?

மறு ஞாயிறு அவளுடைய சின்னக் காரில் மூவரும் உன் வீட்டுக்குப் போனோம். உன் மனைவி செல்லம்மா அக்கா வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாங்க தம்பி. ஈப்போலேர்ந்து வீட்டுக்குள்ள வர முப்பது வருஷம் ஆச்சா? ரோட்டுல அவ்வளவு ஜாமா?"

தாளைப் பற்றிக் கேட்டதற்கு, "மொதல்ல சாப்பிடுங்க. இத்தனை வருஷம் பொறுத்த தாளு, ஒரு வேளைச் சோத்துக்குப் பொறுக்காதா?" என்றார். சாப்பிட்ட பிறகுதான் பிஸ்கட் டின்னைத் திறந்தார். உன் அடையாள அட்டைக்குக் கீழே, பிளாஸ்டிக் பைக்குள், நாலாக மடித்தபடி அது இருந்தது. ரேகை வைத்த நாங்கள் எல்லோரும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். வைக்காத உன்னிடம் மட்டுமே அது மிஞ்சியிருந்தது.

"தூக்கிப் போட விடல தம்பி. பெருமாளு ஒருநாள் வருவான், வந்தா காட்டணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு" என்றார் அக்கா.

தர்ஷினி கையை நீட்டினாள். "கொடு இங்க, நான் படிக்கிறேன்" என்றேன். மேலே மலாய், கீழே தமிழ். தாள் பறக்காமலிருக்க அக்கா காற்றாடியை நிறுத்தினார். விரலை வைத்து, எழுத்தெழுத்தாய்க் கூட்டிப் படித்தேன். வியர்த்துக் கொட்டியது.

தோட்ட வீட்டை என் சொந்த விருப்பத்தில் காலி செய்கிறேன். மாற்று வீடோ நிலமோ கேட்கும் உரிமை எனக்கு இனி இல்லை.

இவ்வளவுதான். மறுபடி ஒருமுறை படித்தேன். உரிமை என்கிற சொல்லில் என் விரல் நின்றுவிட்டது. அதன் கீழேதான் ரேகைக்குக் கட்டம் போட்டிருந்தது. உன் கட்டம் மட்டும் வெள்ளையாகவே இருந்தது மச்சான்.

கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் எழுந்து கத்தினேன். "அந்தக் கிராணிப் பாவி! தெரிஞ்சே நம்மள ஏமாத்திட்டான்!"

"தாத்தா, அது எப்படித் தெரியும்?" என்றாள் தர்ஷினி.

"என்னது?"

"தெரிஞ்சே பண்ணாருன்னு. மேல உள்ளவங்க சொன்னத அவரு அப்படியே சொல்லியிருக்கலாம்ல? அவரும் படிக்காமயே இருந்திருக்கலாம்ல?"

உட்கார்ந்துவிட்டேன். உன் மேலிருந்த பழியை இறக்கிய அதே நிமிடத்தில், அதை இன்னொருவர் தலையில் ஏற்றப் பார்த்தேன் பார். எல்லோரும் உன்னைப் போல மறுத்திருந்தால் மனை கிடைத்திருக்குமா என்றும் கேட்டேன். "தெரியல தாத்தா. தெரியலன்னுதான் எழுதப் போறேன்" என்றாள். தெரியவில்லை என்று எழுதினால் மார்க் கொடுப்பார்களா என்று பாக்கியம் கேட்டாள். அதற்குத்தான் கொடுப்பார்களாம்!

ஆனால் எழுதி முடித்தபின் பிள்ளை கலங்கிப் போய் வந்தாள். வகுப்பில் எல்லோர் முன்னாலும் நின்று அதைச் சொல்ல வேண்டும். "தாத்தா, உங்க பேரை எடுத்துடவா? நீங்க தப்பா சொன்னீங்கன்னு நானே எப்படிச் சொல்றது? பெரியவங்கள அப்படிப் பேசலாமா?"

"எடுக்காதே. பெரிய எழுத்துல போடு. நானும் வாரேன்" என்றேன்.

புதுச் சம்மதப் பாரம் ஒன்றைக் கொண்டுவந்தாள். இந்த முறை முக்கால் மணி நேரம் அவளை உட்கார வைத்துப் படித்தேன். மூன்று இடத்தில் கேள்வி கேட்டேன். ஓரிடத்தில் மாற்றி எழுதச் சொன்னேன். "ஐயோ தாத்தா, போதும்லா!" என்று தலையில் கை வைத்தாள். அதன் பிறகுதான் கையெழுத்து.

வகுப்பில் மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், நம் பிள்ளைகள் என்று முப்பது பேர் இருக்கும். தர்ஷினி தாளின் படத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினாள். தாத்தா சொன்னது இது, தாள் சொல்வது இது, இன்னும் தெரியாதது இது என்று நடுங்காமல் சொன்னாள். அவர்களுடைய மிஸ் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளைகள்தான் கேள்வி கேட்டார்கள். இதே பாடத்துக்காகத் தன் வீட்டிலும் சண்டை வந்ததாக ஒரு சீனப் பெண் சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு ஒரு மலாய்ப் பையன் எழுந்தான். என்னைத் தாத்தா என்று அவர்கள் மொழியில் மரியாதையாய்க் கூப்பிட்டு, "அன்றைக்கு அத்தனை பேர் இருந்தீர்களே, ஒருவர்கூடவா கேள்வி கேட்கவில்லை?" என்றான்.

எனக்குத் தெரிந்த மலாயில் பதில் சொன்னேன். அதையே இங்கே தமிழில் எழுதுகிறேன். "ஒருத்தன் கேட்டான் தம்பி. அவனைத்தான் நாங்க ஏசினோம்."

பையன் கேட்டான், "அவர் பெயர் என்ன?" கரும்பலகை மாதிரி வெள்ளையாய் ஒன்று இருந்தது. தர்ஷினி பேனாவை என் கையில் கொடுத்தாள். நான் எழுதினேன். முனியாண்டி. அவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இருந்தாலும் நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.

மச்சான், இந்தப் பிள்ளைகளைப் பற்றி எனக்குப் பயமில்லை. யோசிக்கக்கூடவா பல்கலைக்கழகம் என்று சிரித்தேனே, அந்தச் சிரிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். உனக்கு அது தானாக வந்தது. எங்களுக்கு வரவில்லையே. வராதவர்களுக்கு யாராவது சொல்லித்தரத்தானே வேண்டும்?

வரும் உன் திதிக்கு நம் தோட்டத்து ஆட்கள் எல்லோரையும் சுங்கை சிப்புட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறேன். சித்தியவானுக்கும் பாகான் டத்தோவுக்கும் போய்விட்டவர்களுக்கும் சொல்லி அனுப்பியாயிற்று. படையல் முடிந்ததும் அந்தத் தாளை நான் எழுந்து நின்று வாசிப்பேன். நம்ப மாட்டேன் என்கிறவரிடம் தாளையே நீட்டுவேன். அவர் என் கையைத் தட்டிவிட்டால் மறுபடியும் நீட்டுவேன். இது சத்தியம்.

எழுதியதை முதலிலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டேன். இப்போது கையெழுத்து போடுகிறேன்.

உன் தங்கை பாக்கியத்தின் வீட்டுக்காரன்,
இனி உன் வாசலோடு நிற்காத மச்சான்,
பெருமாள்